இரண்டாம் ஆண்டிலேயே மருத்துவ இடம்: எர்லி அஷூரன்ஸா, எர்லி டிசிஷனா, வழக்கமான சுற்றா?

அமெரிக்காவில் பள்ளி முடித்த கையோடு மருத்துவக் கல்லூரிக்குப் போக முடியாது. முதலில் நான்கு ஆண்டு இளங்கலை. அதற்குள் உயிரியல், வேதியியல், இயற்பியல் என்று மருத்துவக் கல்லூரிகள் கேட்கும் பாடங்களை முடித்து, மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட் எழுதி, பதினைந்து இருபது கல்லூரிகளுக்கு விண்ணப்பித்து, நேர்காணல்களுக்குப் போய்வந்தால்தான் எம்.டி. படிப்பு (அங்கே அடிப்படை மருத்துவப் பட்டமே எம்.டி.தான்). ஒரு சுற்றில் ஏறக்குறைய 52,000 பேர் எம்.டி. கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கிறார்கள், சேர்பவர்கள் 23,000 பேர் அளவில்தான். அண்மை ஆண்டுகளில் சேர்ந்தவர்களின் சராசரி எம்கேட் மதிப்பெண் 528-க்கு 512-ஐ ஒட்டியும், ஜிபிஏ எனப்படும் கல்லூரிப் பாட மதிப்பெண் சராசரி 4.0-க்கு 3.8-ஐ ஒட்டியும் இருக்கிறது. நீட் எழுதினோம், ரேங்க் வந்தது, இடம் கிடைத்தது என்ற கணக்கில் வளர்ந்த தமிழ்ப் பெற்றோருக்கு, பிள்ளை கல்லூரி சேர்ந்து நான்கு ஆண்டு கழிந்த பிறகும் "கிடைக்குமா கிடைக்காதா" என்று காத்திருப்பது பெரிய வதை.

அதனால்தான் முன்கூட்டியே இடத்தை உறுதிசெய்யும் வழிகளுக்கு இத்தனை மவுசு. பள்ளி இறுதியாண்டிலேயே விண்ணப்பிக்கும் எட்டு ஆண்டு, ஏழு ஆண்டு இணைப்புப் படிப்புகள் பற்றி எல்லோருக்கும் தெரியும். பிரவுன் பல்கலைக்கழகத்தின் பி.எல்.எம்.இ. அவற்றில் புகழ்பெற்றது. அது கிடைக்காதவர்களுக்கும், கல்லூரிக்குப் போன பிறகே மருத்துவம் என்று முடிவெடுத்தவர்களுக்கும் கல்லூரிக்குள்ளிருந்தே வேறு வழிகள் இருக்கின்றன. இக்கட்டுரை அவற்றைப் பற்றியது. எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: இளங்கலை இரண்டாம் ஆண்டிலேயே ஒரு மருத்துவக் கல்லூரியில் இடத்தை உறுதிசெய்யும் எர்லி அஷூரன்ஸ், அந்த ஒரு கல்லூரிக்கு எப்படியும் போக விரும்பும் மாணவருக்கு நல்லது. ஒரே கல்லூரிக்கு மட்டும் முந்தி விண்ணப்பிக்கும் எர்லி டிசிஷன் மிகச் சிலருக்கு மட்டும். டெக்சாஸில் தகுதியுள்ள மாணவர், குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான ஜாம்ப் திட்டத்துக்கு யோசிக்காமல் விண்ணப்பிக்க வேண்டும். மற்ற எல்லோருக்கும் வழக்கமான சுற்றுதான் அடித்தளம். முன் சொன்னவை அதன்மேல் வைக்கும் கூடுதல் முயற்சிகள்.

எர்லி அஷூரன்ஸ் என்ன தருகிறது, என்ன கேட்கிறது

இளங்கலை இரண்டாம் ஆண்டில், அதாவது சோஃபோமோர் ஆண்டில் விண்ணப்பிக்கிறீர்கள். அந்த வசந்தப் பருவத்தில் முடிவு வருகிறது. "பட்டம் முடித்ததும் உங்களுக்கு எங்கள் மருத்துவக் கல்லூரியில் இடம் உண்டு, இன்னின்ன நிபந்தனைகளைக் காப்பாற்றினால்" என்பதுதான் அந்தக் கடிதத்தின் சாரம். பல திட்டங்களில் எம்கேட் தேவையில்லை.

யார் விண்ணப்பிக்கலாம் என்பதில்தான் முதல் வடிகட்டல். நியூயார்க் மவுண்ட் சைனாயில் உள்ள ஐக்கான் மருத்துவக் கல்லூரியின் ஃபிளெக்ஸ்மெட் எந்தக் கல்லூரியில், எந்தப் பாடம் படிக்கும் மாணவருக்கும் திறந்திருக்கிறது. 1987 முதல் மனிதவியல் மாணவர்களுக்காக அங்கே நடந்துவந்த திட்டத்தை 2013-இல் எல்லாத் துறைகளுக்கும் விரித்ததன் விளைவு அது. ஜார்ஜ்டவுன் தன் சொந்த இளங்கலை மாணவர்களை மட்டுமே எடுக்கிறது. டஃப்ட்ஸ் தன் மாணவர்களையும், மேய்ன் மாநிலத்தோடு தொடர்புள்ள சில கல்லூரிகளின் மாணவர்களையும் எடுக்கிறது. நியூயார்க் அரசுப் பல்கலைக்கழக அமைப்பில் பஃபலோவிலும் சிரக்யூஸில் உள்ள அப்ஸ்டேட்டிலும் இத்தகைய திட்டங்கள் உண்டு. கேன்சஸில் கிராமப்புற மருத்துவத்துக்கு வருவோருக்கென்றே ஒரு திட்டம் இருக்கிறது. ஆக, "எர்லி அஷூரன்ஸுக்குப் போடலாமா" என்று கேட்கும் முன், உங்கள் இளங்கலைக் கல்லூரியிலிருந்து எத்தனை திட்டங்களுக்கு வாசல் திறந்திருக்கிறது என்று எண்ணுங்கள். பலருக்கு அது ஒன்றோ இரண்டோதான். சிலருக்கு ஃபிளெக்ஸ்மெட் மட்டும்தான்.

கேட்கும் ஜிபிஏ திட்டத்துக்குத் திட்டம் மாறினாலும் 3.5-க்கும் 3.75-க்கும் இடையில்தான் பெரும்பாலும் இருக்கிறது. அது வாசல்படி மட்டுமே. உள்ளே போகிறவர்கள் அதற்கு மேலே இருப்பார்கள். இங்கே ஒரு கணக்கை நிதானமாகப் பார்ப்பது நல்லது. பலர் தோற்பது இங்கேதான்.

விண்ணப்பிக்கும் நேரத்தில் கையில் இருப்பது மூன்று செமஸ்டர், சுமார் 45 கிரெடிட். எல்லாப் பாடத்திலும் 'ஏ' (4 புள்ளி) வாங்கிய மாணவி ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் மட்டும், 4 கிரெடிட்டுக்கு, 'சி' (2 புள்ளி) வாங்கிவிட்டார் என்று வையுங்கள். மொத்த ஜிபிஏ 3.82. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அறிவியல் கணிதப் பாடங்களை மட்டும் தனியே எடுத்து, அவை 24 கிரெடிட் என்று வைத்தால், அந்த ஜிபிஏ 3.67 ஆகிறது. சேர்க்கைக் குழு இந்த இரண்டாவது எண்ணையும் பார்க்கும். அதே மாணவி மீதிப் பாடங்களிலும் 'ஏ' வாங்கி 120 கிரெடிட் முடித்தபின் வழக்கமான வழியில் வந்தால், அதே 'சி'யோடு மொத்த ஜிபிஏ 3.93. ஒரே தவறு, இரண்டாம் ஆண்டில் மலையாகத் தெரிகிறது, நான்காம் ஆண்டில் கரைந்துவிடுகிறது. முதல் இரண்டு செமஸ்டரில் தடுமாறி, பிறகு நிமிர்ந்த மாணவருக்கு எர்லி அஷூரன்ஸ் உகந்த இடம் அல்ல. அவருடைய ஏறுமுகத்தைக் காட்ட அங்கே நேரமே இல்லை.

அடுத்த தடை பாடவரிசை. முதலாண்டு முதல் செமஸ்டரிலேயே பொது வேதியியலும் உயிரியலும் தொடங்கியிருந்தால்தான் இரண்டாம் ஆண்டு இலையுதிர் பருவத்தில் ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் இருப்பீர்கள். "முதலாண்டு பழகிக்கொள்ளட்டும், வேதியியல் அடுத்த ஆண்டு" என்று ஒத்திவைத்தவருக்கு வாசல் அப்போதே மூடிவிடும். பள்ளியில் எடுத்த, கல்லூரித் தரத்திலான ஏ.பி. பாடங்களை வைத்துக் கல்லூரி வேதியியலைத் தாண்டிவந்தவர்கள் இன்னொன்றையும் சரிபார்க்க வேண்டும்: உங்கள் இளங்கலைக் கல்லூரி ஏ.பி. கிரெடிட்டை ஏற்றாலும், மருத்துவக் கல்லூரி ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஏற்காவிட்டால் அந்தத் துறையில் மேல்நிலைப் பாடம் ஒன்று எடுத்து ஈடுகட்ட வேண்டியிருக்கும்.

பரிந்துரைக் கடிதம் மூன்றாவது சிக்கல். முந்நூறு பேர் உட்காரும் வகுப்பில் 'ஏ' வாங்கிய மாணவரைப் பற்றிப் பேராசிரியரால் எழுத முடிவது, "இவர் 'ஏ' வாங்கினார்" என்பதுதான். முதலாண்டிலிருந்தே பேராசிரியர் மாணவரைச் சந்திக்க ஒதுக்கும் ஆபீஸ் ஹவர்ஸுக்குப் போய்ப் பேசியவர்கள், ஓர் ஆய்வகத்தில் ஒரு வருடமாவது வேலை பார்த்தவர்கள் இங்கே முந்துகிறார்கள். பல கல்லூரிகளில், மருத்துவம் போக விரும்பும் மாணவருக்கு வழிகாட்டும் பிரீமெட் அலுவலகமே பரிந்துரையையோ ஒப்புதலையோ அனுப்ப வேண்டும். அந்த அலுவலகத்தின் உள்கெடு, மருத்துவக் கல்லூரியின் கெடுவுக்குப் பல வாரம் முந்தியே முடிந்துவிடும். இந்தக் கெடுவைத் தவறவிட்டு நல்ல விண்ணப்பம் ஒன்று வீணாவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. முதலாண்டு கோடையிலேயே அட்வைசரிடம் தேதி கேட்டு வாங்கி வையுங்கள்.

மருத்துவமனை அனுபவமும் அப்படித்தான். பதினெட்டு மாதத்தில் நூற்றுக்கணக்கான மணிநேரம் சேர்க்க முடியாது என்று குழுவுக்கும் தெரியும். அவர்கள் தேடுவது தொடர்ச்சி. ஒரே முதியோர் இல்லத்திலோ, இலவச மருத்துவ முகாமிலோ வாரம் மூன்று மணிநேரம் என்று ஓராண்டு போயிருந்தால், கோடை விடுமுறையில் இரண்டு வாரம் சுற்றிப்பார்த்ததைவிட அது பேசும். பத்தொன்பது வயதில் "ஏன் மருத்துவம்" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல, நோயாளிகளோடு பேசிப் பழகிய நாட்கள் தேவை. பெற்றோர் இருவரும் டாக்டர் என்பது பதில் ஆகாது.

இடம் கிடைத்த பின் எதை இழக்கிறீர்கள்

எம்கேட் எழுத வேண்டாம் என்பதைப் பெற்றோர் பெரிதாக எண்ணுகிறார்கள். அது உண்மையில் பெரிய சலுகைதான். இருக்கையில் அமர்வது முதல் எழுவது வரை ஏழரை மணிநேரம் பிடிக்கும் தேர்வு. தயாரிப்புக்கு மூன்று முதல் ஆறு மாதம் போகும். அந்த நேரத்தில் ஒரு மாணவர் தத்துவம் படிக்கலாம், வெளிநாட்டில் ஒரு செமஸ்டர் இருக்கலாம், ஆய்வை ஆழமாகச் செய்யலாம். ஃபிளெக்ஸ்மெட் போன்ற திட்டங்களின் நோக்கமே அதுதான்.

ஆனால் விலை இருக்கிறது, அது டாலரில் இருக்கிறது. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கிராஸ்மன் மருத்துவக் கல்லூரி 2018-இல் எல்லா மாணவருக்கும் கல்விக் கட்டணத்தை நீக்கியது. பிராங்க்ஸில் உள்ள ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரி 2024-இல் நூறு கோடி டாலர் நன்கொடையால் அதையே செய்தது. அதே ஆண்டு ஜான்ஸ் ஹாப்கின்ஸ், ஆண்டு வருமானம் 3,00,000 டாலருக்குக் கீழ் உள்ள குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை என்று அறிவித்தது. வேறெங்கும் விண்ணப்பிக்கக் கூடாது என்று கையெழுத்திட்டவர் இந்த மூன்று கதவுகளையும் தன் கையாலேயே சாத்துகிறார். இரண்டு மூன்று கல்லூரிகளின் உதவித்தொகைக் கடிதங்களை அருகருகே வைத்துப் பேரம் பேசும் வாய்ப்பும் அவருக்கு இருக்காது.

2026 ஜூலை 1 முதல் இந்தக் கணக்கு இன்னும் கூர்மையாகிறது. அன்றிலிருந்து புதிதாகக் கடன் வாங்குவோருக்கு கிராட் பிளஸ் எனப்படும் மத்திய அரசுக் கடன் கிடையாது. மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு மத்தியக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்று கட்டப்பட்டுவிட்டது. பல தனியார் மருத்துவக் கல்லூரிகளில் கட்டணமும் இருப்பிடச் செலவும் சேர்ந்து ஆண்டுக்கு 90,000 டாலரைத் தாண்டுகின்றன. மீதியைத் தனியார் வங்கியிலோ பெற்றோரின் சேமிப்பிலோதான் தேட வேண்டும். எனவே எர்லி அஷூரன்ஸ் தரும் கல்லூரி தனியார் கல்லூரி என்றால், இடம் கிடைத்த மகிழ்ச்சியில் கையெழுத்திடும் முன், நான்காண்டுக்கான தொகையை ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிடுங்கள். சேருவதற்கு இரண்டாண்டுக்கு முன்பே வரும் சேர்க்கைக் கடிதத்தில் உதவித்தொகை விவரம் இருக்காது. அது சேருவதற்குச் சற்று முந்தைய வசந்தத்தில்தான் வரும்.

இத்திட்டங்கள் எல்லாம் ஒரே மாதிரி கட்டிப்போடுவதில்லை. சில, வேறெங்கும் விண்ணப்பித்தால் இடம் போய்விடும் என்கின்றன. சில அனுமதிக்கின்றன. சிலவற்றில் எம்கேட் எழுதினாலே விலகியதாகக் கருதப்படும். சிலவற்றில் எழுதலாம், மதிப்பெண்ணைக் கண்டுகொள்ள மாட்டார்கள். ஆகவே சேர்க்கை அலுவலகத்திடம் மின்னஞ்சலில், எழுத்தில் பதில் வரும்படி, இவற்றைக் கேளுங்கள்: வெளியே விண்ணப்பிக்கலாமா? பட்டம் பெறும் வரை காக்க வேண்டிய மொத்த ஜிபிஏ, அறிவியல் ஜிபிஏ எவ்வளவு? ஒரே ஒரு பாடத்தில் 'பி'க்குக் கீழே போனால் என்ன ஆகும்? ஓராண்டு இடைவெளி எடுக்கலாமா? எம்கேட் மதிப்பெண் இல்லாதவர் போட்டியிட முடியாத உதவித்தொகை உங்களிடம் இருக்கிறதா? கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும்.

கிடைத்த இடத்தைப் பறிகொடுப்பவர்களும் உண்டு. நான்காம் ஆண்டில் "இனி என்ன" என்று தளர்ந்து ஜிபிஏ எல்லைக்குக் கீழே சறுக்குவது ஒரு காரணம். ஒரு பாடத்தில் காப்பியடித்ததாகப் பதிவாவது இன்னொன்று. ஒழுங்கு நடவடிக்கைப் பதிவை எந்த மருத்துவக் கல்லூரியும் எளிதாக விடாது.

எர்லி டிசிஷன்: பெயரில் இருக்கும் சுகம் வேலையில் இல்லை

இது இரண்டாம் ஆண்டு மாணவருக்கானது அல்ல. எம்கேட் எழுதி, வழக்கமான விண்ணப்பத் தளமான ஆம்காஸ் வழியாகவே, ஆனால் ஒரே ஒரு மருத்துவக் கல்லூரிக்கு மட்டும் விண்ணப்பிப்பது. ஆகஸ்ட் 1-க்குள் எல்லாம் போய்ச் சேர வேண்டும். அக்டோபர் 1-க்குள் பதில் வரும். "ஆம்" என்றால் அங்கேதான் சேர வேண்டும். "இல்லை" என்று பதில் வரும்வரை வேறு கல்லூரிக்கு விண்ணப்பிக்கக் கூடாது.

ஆபத்து அந்த இரண்டு மாதத்தில் இருக்கிறது. அமெரிக்க மருத்துவச் சேர்க்கை வரிசையாக நடப்பது. விண்ணப்பம் வர வரப் படித்து, நேர்காணல் நாட்களை நிரப்பிக்கொண்டே போவார்கள். மற்றவர்கள் ஜூன் மாதமே சமர்ப்பித்து, ஜூலை, ஆகஸ்டில் செகண்டரி எனப்படும் துணைக் கட்டுரைகளை எழுதி முடித்திருப்பார்கள். அக்டோபர் 15 முதல் சேர்க்கை அழைப்புகளே வெளியாகத் தொடங்கிவிடும். எர்லி டிசிஷனில் மறுக்கப்பட்டவர் அக்டோபர் முதல் வாரத்தில்தான் மற்ற கல்லூரிகளைச் சேர்க்கிறார். ஆம்காஸ் மதிப்பெண் சரிபார்ப்பு ஏற்கெனவே முடிந்திருப்பதால் அந்தக் காத்திருப்பு மிச்சம்; ஆனால் பதினைந்து செகண்டரிகளை எழுதி முடிக்க நவம்பர் ஆகிவிடும். அதற்குள் பல கல்லூரிகளில் நேர்காணல் இடங்களில் பெரும்பகுதி நிரம்பியிருக்கும்.

யாருக்குப் பொருந்தும்? தன் மாநில அரசு மருத்துவக் கல்லூரிக்கு அருகிலேயே குடும்பம், அந்தக் கல்லூரியின் சராசரிக்கு மேலான எம்கேட்டும் ஜிபிஏவும், அந்த ஊரிலேயே சேவை செய்த அனுபவம், வேறெங்கும் போக முடியாத சூழல்: இந்த நான்கும் சேர்ந்தவருக்கு. அவரும் ஜூலையிலேயே சேர்க்கை அலுவலகத்தை அழைத்து, "என் நிலையில் இருப்பவர்களை இந்த வழியில் எடுக்கிறீர்களா" என்று கேட்ட பிறகே இறங்க வேண்டும். மதிப்பெண் குறைவாக இருப்பதால் இந்த வழியில் போனால் இரக்கம் கிடைக்கும் என்று நினைப்பது தவறு. இங்கே தகுதி அளவை இறக்கிப் பார்ப்பதில்லை.

டெக்சாஸ் ஜாம்ப்

டெக்சாஸ் சட்டமன்றம் 2001-இல் உருவாக்கிய திட்டம் இது. குறைந்த வருமானக் குடும்பத்திலிருந்து வரும், டெக்சாஸ் குடியிருப்பாளரான இளங்கலை மாணவர்கள் இரண்டாம் ஆண்டு இலையுதிர் பருவத்தில் விண்ணப்பிக்கலாம். தேர்ந்தெடுக்கப்பட்டால் இளங்கலையின்போதே உதவித்தொகை, மருத்துவக் கல்லூரிகளில் கோடைப் பயிற்சி, எம்கேட் தயாரிப்பு; நிபந்தனைகளை முடித்தால் டெக்சாஸ் மருத்துவக் கல்லூரி ஒன்றில் உறுதியான இடம். எம்கேட் எழுதித்தான் ஆக வேண்டும். ஒப்பந்தத்தில், பாதியில் விலகினால் பணத்தைத் திருப்பித் தரவேண்டிய விதி என்ன சொல்கிறது என்பதை வாசித்துக்கொள்ளுங்கள்.

மற்ற வழிகளோடு ஒப்பிட்டால் இதில் இழப்பு மிகக் குறைவு. டெக்சாஸ் அரசு மருத்துவக் கல்லூரிகளின் கட்டணம் உள்ளூர் மாணவருக்கு நாட்டிலேயே குறைந்த வரிசையில் இருக்கிறது. வெளிமாநிலத்தவருக்கு அங்கே இடங்களில் பத்து சதவீதமே என்பதால், உள்ளூர் மாணவர் வேறு மாநிலம் தேடிப் போக வேண்டிய தேவையும் குறைவு. ஹூஸ்டன், டாலஸ் பக்கம் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பலருக்கு வருமான வரம்பு தடையாக இருக்கும். ஆனால் தனித்து வளர்க்கும் தாயின் பிள்ளைகள், அண்மையில் வந்து சிறு வேலையில் இருக்கும் குடும்பங்கள் இதை அறியாமலே விட்டுவிடுகிறார்கள். அவர்களிடம் சொல்லுங்கள்.

எம்.டி. போலவே மருத்துவராகப் பணியாற்ற வழிவிடும் டி.ஓ. பட்டத்தை ஆஸ்டியோபதி வழியில் தரும் சில கல்லூரிகளும் இளங்கலையின் தொடக்கத்திலேயே இடம் தருகின்றன. பென்சில்வேனியாவின் லீகாம் இதில் தெரிந்த பெயர், அங்கே எம்கேட் இல்லாமலும் வழி உண்டு. 2020-க்குப் பிறகு எம்.டி., டி.ஓ. இருவருக்கும் பட்டத்துக்குப் பிந்தைய ரெசிடென்சி பயிற்சிக்கான அங்கீகார அமைப்பு ஒன்றே. நரம்பு அறுவை, தோல் மருத்துவம் போன்ற கடும்போட்டித் துறைகளில் டி.ஓ.க்களுக்கு இன்னும் ஏற்றம் செங்குத்தாகவே இருக்கிறது. குடும்ப மருத்துவம், உள் மருத்துவம் என்று தெளிவாக இருப்பவருக்கு இது கௌரவமான, சிக்கனமான வழி.

எச்-4 பிள்ளைகள் முதலில் பார்க்க வேண்டியது

தமிழ்க் குடும்பங்களில் இதை எல்லாவற்றுக்கும் மேலே வைக்க வேண்டும். கிரீன் கார்டு வரிசையில் பத்து, பதினைந்து ஆண்டு நிற்கும் பெற்றோரின் பிள்ளை, அவர்களின் வேலை விசாவைச் சார்ந்து கிடைக்கும் எச்-4 தகுதியை 21 வயதில் இழந்து, மாணவர் விசாவான எஃப்-1-க்கு மாற வேண்டியிருக்கும். அது பெரும்பாலும் இளங்கலை மூன்றாம் ஆண்டில், அதாவது எர்லி அஷூரன்ஸ் கடிதம் கையில் வந்த பிறகு நடக்கும். பெரும்பாலான அரசு மருத்துவக் கல்லூரிகள் குடிமக்களையும் கிரீன் கார்டு உள்ளவர்களையும் மட்டுமே எடுக்கின்றன. வெளிநாட்டு மாணவரை எடுக்கும் தனியார் கல்லூரிகளில் சில, பல ஆண்டுக்கான செலவை முன்கூட்டியே வங்கியில் காட்டச் சொல்கின்றன. மத்தியக் கடனும் இவர்களுக்குக் கிடையாது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி "இப்போது விண்ணப்பிக்கலாமா" என்பது மட்டும் அல்ல. "சேரும் நாளில் என் மகள் எஃப்-1-இல் இருந்தால் இந்த இடம் செல்லுமா" என்பதுதான். பதில் எழுத்தில் இல்லாவிட்டால் அந்த உறுதியை நம்பி எம்கேட் தயாரிப்பைக் கைவிடாதீர்கள்.

மறுப்பு வந்தால்

எர்லி அஷூரன்ஸில் "இல்லை" என்று வருவதே பெரும்பாலோருக்கு நடக்கும். பெரும்பாலும் அதே கல்லூரிக்கு வழக்கமான சுற்றில் மறுபடி விண்ணப்பிக்கத் தடையில்லை. வசந்தத்தில் கடிதம் வந்ததும் மூன்றாம் ஆண்டு இலையுதிர் பருவத்துக்கு இயற்பியலையும் உயிர்வேதியியலையும் பதிவு செய்யுங்கள்; எம்கேட்டுக்கு இவை இரண்டும் வேண்டும். மூன்றாம் ஆண்டு குளிர்கால விடுமுறையில் தயாரிப்பைத் தொடங்கினால் மார்ச், ஏப்ரலில் எழுதலாம். மதிப்பெண் வர ஏறக்குறைய ஒரு மாதம் பிடிக்கும். மே மாதத்தில் எண் கையில் இருந்தால், ஜூன் தொடக்கத்தில் ஆம்காஸ் சமர்ப்பிப்பதா, ஓராண்டு தள்ளிப்போடுவதா என்று முடிவெடுக்க நேரம் இருக்கும். மே கடைசியில்தான் எழுதுகிறீர்கள் என்றால் மதிப்பெண் தெரியாமலே விண்ணப்பக் கட்டணம் கட்ட வேண்டிவரும். அப்போது ஒரே ஒரு கல்லூரியை மட்டும் சேர்த்துச் சமர்ப்பித்துச் சரிபார்ப்பை முடித்துக்கொண்டு, மதிப்பெண் வந்த பின் மற்றவற்றைச் சேர்ப்பது பணத்தையும் வரிசையில் இடத்தையும் காப்பாற்றும்.